சுடாத கால்

1

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்.

புது டாக்டர். வெள்ளைக்காரர். முப்பது வயது இருக்கும்.

நர்ஸ் அம்மா. ஐரிஷ்காரர். எட்டு வருடமாக என் இடது காலைக் கழுவிக் கட்டுப் போடுகிறவர்.

என் மகள் செல்வி. பதினெட்டு வயது. எனக்காக இங்கிலீஷ் பேச வந்தவள்.

நான்.

கதவுக்கு வெளியே பெஞ்சில் மூன்று பேர். ஒரு சர்தார்ஜி, பஸ் ஓட்டுகிறவர். ஒரு குஜராத்திப் பெரியவர், பலசரக்குக் கடை வைத்திருப்பவர். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர்.

வியாழக்கிழமை சர்க்கரை கிளினிக். அன்றைக்கு அந்த வராந்தாவைப் பார்த்தால் லண்டன் பக்கம் என்று சொல்ல முடியாது. பாதிக்கு மேல் நம் முகங்கள். பாஷை ஒத்துவராது, வியாதி ஒன்று. சர்தார்ஜி என்னைக் கண்டால் விரலால் கேட்பார், ரத்தத்தில் எத்தனை என்று. நான் பதினாறு என்று காட்டுவேன், இந்த ஊர்க் கணக்கில் அது ரொம்ப அதிகம். அவர் பதினெட்டு என்று காட்டி மீசையைத் தடவிக்கொள்வார். ஜெயித்தது அவர்.

புது டாக்டர் என் கேஸ் தாள்களைப் புரட்டினார். முதல் புண் எப்படி வந்தது என்று கேட்டார். செல்வி அதைத் தமிழில் கேட்டாள்.

"சுடுதண்ணிப் பைன்னு சொல்லு" என்றேன்.

இங்கே குளிருக்கு ரப்பர் பையில் சுடுதண்ணீர் ஊற்றிப் படுக்கையில் கால்மாட்டில் வைப்பார்கள். அது சுட்டுவிட்டது என்று எட்டு வருடமாகச் சொல்கிறேன். தாளிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

செல்வி என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி நான் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

திரும்பும்போது பஸ்சில் மாடியில் உட்கார்ந்தோம். அவளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். யோசித்து யோசித்துப் பேசுவாள்.

"அப்பா, நான் அங்க நின்னேன்" என்றாள். "ராசு அத்தான் தோள்ல. நான் பாத்தேன்."

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"அத்தைக்குத் தெரியுமா?"

இறங்கும் இடம் வந்துவிட்டது என்று எழுந்துகொண்டேன். அதற்குப் பிறகு பதினைந்து நாள் அவள் என்னோடு பேசவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். போடிப் பக்கத்து ஆட்கள் கையில் இது கிடைத்தால் நல்லது. கிடைத்து, என்னை அடையாளம் கண்டுகொண்டாலும் சரி.

2

நான் ஐந்தாவது வரை படித்தவன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ராசிங்காபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா சுமைகாரர். ஜீப்பு ரோடு வருவதற்கு முன்னால் குரங்கணியிலிருந்து மேலே எஸ்டேட்டுகளுக்குத் தலைச்சுமையாக அரிசி ஏற்றுவார். இறங்கும்போது ஏலக்காய் மூட்டை. அவர் பகலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கு மூத்தவள் பேச்சியக்கா. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்தது அவள்தான். ஏழு வயதிலிருந்து மலை ஏறிக் காய் எடுத்தவள். அவள் மகன் ராசு குரங்கணிக்கு ஜீப்பு ஓட்டுகிறான்.

நான் பதினாறு வயதில் மேலே ஒரு துரை பங்களாவில் சமையல் கட்டுக்குப் போனேன். துரை தன் ஊருக்குத் திரும்பியபோது என்னையும் கூட்டி வந்தார். என் மிளகுத் தண்ணி இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. மூன்று வருடத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். நான் ரொட்டி ஃபாக்டரியில் சேர்ந்தேன். ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்து மனைவியை அழைத்து வந்தேன். செல்வி இங்கே பிறந்தாள்.

எழுபத்தெட்டுக் குளிர் காலத்தில் ஃபாக்டரியில் மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் சர்க்கரை என்றார்கள். ஒரு நர்ஸ் குண்டூசியால் என் உள்ளங்காலைக் குத்தினார். கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் குத்தினார். எப்போது குத்துவார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் குத்தி முடித்திருந்தார். காலில் உணர்ச்சி போய்விட்டது, வெறும் காலோடு வீட்டுக்குள்கூட நடக்காதே என்றார்கள். மனைவிக்கும் விளங்கும்படி படம் போட்டுக் காட்டினார்கள்.

எங்கள் ஊரில் அந்த வியாதி இருந்த ஒரே ஆள் ஒரு ஏலக்காய்க் கமிஷன் கடை முதலாளி. அதற்கு ஊரில் வைத்த பேர், உக்காந்து தின்னவன் வியாதி. சுமைகாரர் மகனுக்கு அது வரலாமா. நான் ராத்திரி ஷிப்டு முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவன். நின்றாலும் வந்தது. ஊருக்கு எழுதியபோது காய்ச்சல் என்று எழுதினேன்.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. யாராவது வாசித்துச் சொல்ல வேண்டும். காய்ச்சல், ஆஸ்பத்திரி என்று வாசித்ததும் நேராகக் கோயிலுக்குப் போய்விட்டாள். தம்பி பிழைத்து எழுந்தால் பூக்குழி இறங்குவான் என்று நேர்ந்துவிட்டாள்.

3

எழுபத்தொன்பது பங்குனியில் போனோம். நானும் செல்வியும். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. விமானம் ஏறுமுன் அவள் ஒன்றுதான் சொன்னாள். "அக்காட்டச் சொல்லிட்டு, வேற ஏதாச்சும் நேத்திக்கடனா மாத்திக்கிடுங்க." சரி என்றேன்.

சொல்லவில்லை. காப்புக் கட்டிப் பதினைந்து நாள் விரதம். மாத்திரையை ஷேவிங் டப்பாவுக்குள் வைத்திருந்தேன். ஓடைப் பக்கம் ஒதுங்கும்போது வாயில் போட்டுக்கொள்வேன். ஒரு வேளைச் சாப்பாடும் அந்த மாத்திரையும் சேர்ந்தால் தலை சுற்றும், கை நடுங்கும். கோயிலில் ஒரு நாள் அப்படி வந்தது. சாமி வருது என்று நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். வாயில் பானகம் ஊற்றினார்கள். வெல்லம் உள்ளே போனதும் தெளிந்தேன். அதையும் அம்மன் கணக்கில் சேர்த்தார்கள். நான் கும்பிட்டு நின்றேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பூக்குழியில் கால் வெந்தால் எங்கள் ஊரில் யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். விரதத்தில் குறை வைத்தவனுக்குத்தான் சுடும் என்பது பேச்சு. கொப்புளம் வந்தவன் வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவான். ஓடிக் கடப்பவனையும் கேலி செய்வார்கள். "பஸ்சு போயிருமாக்கும்" என்பார்கள்.

எனக்குச் சுடாது என்று எனக்குத் தெரியும். அது எனக்கு வசதியாகப் பட்டது. வெளிநாட்டுக்குப் போய்க் கெட்டுவிட்டான் என்று பேசியவர்கள் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

4

சாயங்காலம் நாலு மணிக்கு இறங்கினேன்.

முன்னால் போனவர்கள் எட்டெடுத்து வைத்துப் போய்ப் பால் குழியில் காலை வைத்தார்கள். என்னால் அப்படிப் போக முடியாது. காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாதவன், குனிந்து பார்த்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். பார்த்து வைத்தேன். மழைக்காலத்தில் ஏலத் தோட்டத்துச் சருகில் நடப்பது மாதிரி மெத்தென்று இருந்தது. சூடு முகத்தில்தான் அடித்தது.

கூட்டம் அடங்கிப்போனது. பிறகு குலவை. ஒரு பெண் பிள்ளை என் கால் நனைந்த பாலைத் தொட்டுக் குழந்தை நெற்றியில் வைத்தாள். ஊர்ப் பெரியவர் ஒருவர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பூசாரி என் தலையில் பரிவட்டம் கட்டினார். எங்கள் அப்பா அந்தக் கோயிலுக்கு வருடா வருடம் விறகு சுமந்தவர். எங்கள் வகையறாவில் ஒருத்தருக்கும் அதுவரை பரிவட்டம் கட்டியதில்லை.

வாங்கிக்கொண்டேன்.

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். செல்வி ராசுவின் தோளில் இருந்து என் காலையே பார்த்தாள். பத்து வயது. அவள் மட்டும் கேட்டாள், கீழே இறங்கியதும். "அப்பா, வலிக்கலையா?" அன்றைக்கு ஒருத்தரும் கேட்காத கேள்வி.

5

மறுநாள் காலையில் உள்ளங்கால் இரண்டும் பொங்கியிருந்தன. இடது காலில் தோல் உரிந்து தொங்கியது. அக்கா மஞ்சளை அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்துக் கொண்டுவந்தாள். காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"வலிக்குதாடா?"

"இல்லக்கா."

"எப்படி வலிக்கும். அவ மடியில வச்சுல்ல கூட்டிட்டுப் போனா."

பூசிக்கொண்டே இருந்தவள் கையை நிறுத்தினாள். வாசலில் ஆள் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"ஒன்ட்ட ஒண்ணு சொல்றேன். ராசுகிட்டக் கூடச் சொல்லல. எனக்குச் சக்கர இருக்காம்டா."

நான் அவள் காலைப் பார்த்தேன்.

"போடி ஆஸ்பத்திரி டாக்டரு சொல்றாரு. நான் எங்கடா ஒக்காந்து தின்னேன்? நீயே சொல்லு. பஞ்சுல கால வச்ச மாதிரி இருக்குன்னு போனேன். போன ஐப்பசில அட்ட ஏறி ரத்தம் குடிச்சுட்டு உருண்டு விழுந்திருக்கு. எனக்குத் தெரியல. பக்கத்து நெரையில நின்னவ பாத்துட்டுச் சொல்றா, மதினி ஒங்க காலெல்லாம் ரத்தம்னு."

"மாத்திரை குடுக்கலையா?"

"குடுத்தாக. பத்து நாளு தின்னேன். கிறுகிறுன்னு வந்துச்சு. சரிதான் போன்னு விட்டுட்டேன்."

மறுபடி பூசினாள். பிறகு சொன்னாள். "ஒனக்கு நேந்தேன். ஒன்னக் கொண்டாந்து நிறுத்திட்டா. எனக்கு நானே நேந்துக்கிடப் போறேன். அடுத்த வருசம் எறங்குறேன். என்னடா சொல்ற?"

என் பெட்டி சுவர் ஓரத்தில் இருந்தது. கை நீட்டினால் எட்டும். அதற்குள் ஷேவிங் டப்பா. எடுத்துத் திறந்து, எனக்கும் அதுதான் அக்கா என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அவள் தன் வெட்கத்தை விட்டுச் சொன்னாள். என் தலையில் கட்டிய பரிவட்டத்துணி ஆணியில் தொங்கியது. காலையில் இரண்டு பேர் வந்து அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"அம்மன் பாத்துக்குவாக்கா" என்றேன்.

நான் பிறந்து பேசிய பேச்சில் இதுதான் மோசமானது. கோபத்தில் சொன்னதில்லை, குடித்துவிட்டுச் சொன்னதில்லை. காலை வேளையில், நிதானமாக, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

6

இங்கே வந்து ஒன்பதாம் நாள் ஷூவைக் கழற்றும்போது மனைவி மூக்கைப் பொத்தினாள். ஆஸ்பத்திரியில் முதலில் இரண்டு விரல் எடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து இன்னொன்று.

எப்படி வந்தது என்று கேட்டார்கள். பூக்குழி என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் இல்லை. இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நெருப்பில் நடக்கிற காட்டு மனிதர்கள் என்பார்கள் என்று பயம். பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்குச் சுடுதண்ணிப் பை கொண்டுவந்தார்கள். அதைக் கையால் காட்டினேன். எழுதிக்கொண்டார்கள்.

ஒருமுறை தாளில் ஏறியது பிறகு இறங்காது. ஃபாக்டரியில் ஒரு ஃபாரம். காயம் எப்படி? சுடுதண்ணிப் பை. சீக்குப் பணத்துக்கு ஒரு ஃபாரம். சுடுதண்ணிப் பை. நிற்கிற வேலையை மாற்றித் தரக் கேட்டு ஒரு ஃபாரம். சுடுதண்ணிப் பை. முதலில் மனைவி கடைக்காரரிடம் கொடுத்து எழுதி வாங்கினாள். பிறகு செல்வி எழுதினாள், அழகான எழுத்தில். பதினொரு வயதிலிருந்து என் பொய்யை அவள் கைதான் எழுதுகிறது. ஒருநாளும் கேட்டதில்லை. அதனால் அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நர்ஸ் அம்மா என் கதையைக் கேட்டதிலிருந்து நம் ஆட்கள் எல்லோரிடமும் சுடுதண்ணிப் பை வைக்காதீர்கள் என்று சொல்கிறார். குஜராத்திப் பெரியவர் பயந்து தன் பையை எறிந்துவிட்டார். குளிரில் தூக்கம் இல்லை என்று பெஞ்சில் புலம்புவார். நான் தலையை ஆட்டுவேன்.

ஊருக்கு எழுதினேன். சுகம், இங்கே குளிர் அதிகம் என்று.

7

அடுத்த தை மாதம் ராசுவின் கடிதம் வந்தது. அம்மா பங்குனியில் பூக்குழி இறங்குகிறாள், மாமாவைக் கேட்டு எழுதச் சொன்னாள் என்று. பங்குனிக்கு ஆறு வாரம் இருந்தது. கடிதம் போய்ச் சேரப் பத்து நாள் போதும்.

நீலக் கடிதத் தாளை எடுத்து உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் எழுதினேன். அரைப் பக்கம்தான் வந்தது. நான் எழுதுகிறவன் இல்லை.

ஒட்டப் போகும்போது யோசித்தேன். அக்கா வாசிக்கப் போவதில்லை. ராசு மேலே லோடு ஏற்றிப் போயிருந்தால் தபால்காரர் வாசிப்பார். இல்லையென்றால் டீக்கடையில் யாராவது. வாசலில் நாலு பேர் நிற்கும்போது உரக்க வாசிப்பார்கள். அம்மன் தாங்கவில்லை, அவனுக்குக் கால் செத்துப் போயிருந்தது என்று என் எழுத்தை என் ஊரே கேட்கும்.

கிழித்தேன். வேறு தாள் எடுத்தேன். அக்காவை வெரசாக நடந்துவிடச் சொல், மெதுவாக நடக்க வேண்டாம் என்று மட்டும் எழுதினேன். அனுப்பினேன். மனைவி என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள். எல்லாம் எழுதிவிட்டேன் என்றேன்.

சித்திரை முடியும்போது பதில் வந்தது. ராசுதான். அம்மா இறங்கினாள். காலில் புண். மதுரை ஆஸ்பத்திரியில் நாலு விரல் எடுத்தார்கள். விரதத்தில் என்ன குறை வைத்தேன் என்று கேட்டுக் கேட்டு அழுகிறாள். மாமாதான் ஆறுதலாக எழுத வேண்டும்.

எழுதினேன். என்ன எழுதினேன் என்று இங்கே சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் இருந்தது.

எட்டு வருடம். ஒரு முறை கூடப் போகவில்லை. லீவு இல்லை என்றேன், செல்விக்குப் பரீட்சை என்றேன், கால் என்று மட்டும் சொல்லவில்லை.

8

பஸ்சில் செல்வி கேட்டதற்குப் பிறகு பதினைந்தாம் நாள் அவளே டிக்கெட் வாங்கி வந்தாள். அவள் ஒரு கடையில் வேலைக்கு நின்று சேர்த்த காசு. இரண்டு டிக்கெட். "நீங்க சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். எனக்கு அவ்வளவு தமிழ் வராது" என்றாள்.

போன மாசியில் போனோம்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வலது காலில் கட்டு. ஆள் பாதியாகியிருந்தாள். மலை ஏறி எட்டு வருடம் ஆகிறது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாடா. இப்பத்தான்டா நான் நெசமாவே ஒக்காந்து தின்றேன். டாக்டரு முந்திச் சொல்லிட்டாரு."

செல்வி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ராசு டீ வாங்கப் போனான். நான் நின்றேன். குனிந்து இடது கால் ஷூவைக் கழற்றினேன். காலுறையையும் கட்டையும் கழற்றினேன். கட்டில் ஓரத்தில் தூக்கி வைத்தேன்.

அக்கா பார்த்தாள். சிரிப்பு மெல்லப் போனது.

"என்னடா இது."

"பூக்குழி."

"நெருப்பா? ஒனக்குத்தான் சுடலையே."

"சுடலக்கா. காலு செத்துப் போயிருந்துச்சு. எனக்கும் சக்கர."

"எப்ப இருந்து?"

"எறங்குறதுக்கு முந்தியே."

"நான் ஒன்ட்டச் சொன்னேனே. அன்னிக்குக் காலைல. ஒன் கால மடியில வச்சுக்கிட்டு."

"ஆமா."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும். மாத்திரை பெட்டிக்குள்ள இருந்துச்சு."

அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"வெரசா நடக்கச் சொல்லி எழுதியிருந்தன்னு ராசு வாசிச்சான். நான் மெதுவாத்தான்டா நடந்தேன். எந்தம்பி எப்படி நடந்தானோ அப்படியே நடக்கணும்னு நடந்தேன். எட்டு வருசமா எண்ணிப் பாக்குறேன், எந்த நாளு வெரதத்துல தப்புப் பண்ணுனோம்னு. பதினஞ்சு நாளையும் எண்ணிப் பாத்துட்டேன். ஒரு நாளும் தப்பில்ல."

"தப்பில்லக்கா. ஒன் மேல இல்ல."

"அத நீ அன்னிக்கே ஒரு வரி எழுதியிருந்தா போதும்டா. காலு போனாப் போகுது. நான் எட்டு வருசமா கோயிலுக்குள்ள போகல. வாசல்லயே கும்பிட்டுட்டு வந்துர்றேன், அவளுக்கு ஆகாதவ நான்னு."

அது எனக்குத் தெரியாது. ராசு எழுதவில்லை. செல்வி எழுந்து வாசலுக்குப் போனாள். அவளுக்கு அவ்வளவு தமிழ் புரிந்திருக்கிறது.

ராசு டீயோடு வந்தான். அக்கா அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. டீயைக் கீழே வைக்கச் சொன்னாள். தன் கட்டை அவிழ்க்கச் சொன்னாள். அவிழ்த்தான். காலைக் கட்டில் மேல் நீட்டி வைத்தாள்.

"இந்தக் காலயும் கழட்டுடா" என்றாள் என்னிடம். "ரெண்டயும் வையி. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு ஆளுக்கு உள்ள வெரலு தேறுதான்னு பாப்போம்."

வைத்தேன். எதிரே நான் உட்கார, நாலு காலும் ஒரே கட்டிலில்.

தன் காலில் தொடங்கினாள். விரல் விரலாகத் தொட்டு, வாய்விட்டு எண்ணினாள். பிறகு என் காலுக்கு வந்தாள். அவள் தொடுவது எனக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதிமூன்று.